நூற்று எண்பது கிராம்

பந்தயக் காரின் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதையில் வரும் கூட்டங்கள் எதிலும் அதை யாரும் சொல்லப் போவதில்லை.

ஓட்டுநர் இடது காலால் மிதியை மிதிக்கிறார். நாம் கடைத்தெருவில் மிதிப்பது போல மெத்தென்று அல்ல. நன்றாகச் சாப்பிடும் ஒரு மச்சானை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றால் அந்தக் கால் எவ்வளவு பாரம் தாங்குமோ, அவ்வளவு அழுத்தம். அதுவும் ஒரு சுற்றில் பத்துப் பதினைந்து தடவை. அந்த அழுத்தம் குழாயில் இருக்கும் எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் போய்ச் சக்கரங்களைப் பிடிக்கிறது. அழகான ஏற்பாடு. ஆனால் மிதி அந்தரத்தில் நிற்காது. அதைக் காரின் உடலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள உள்ளங்கை அகலத்தில் ஒரு உலோகத் துண்டு இருக்கிறது. பட்டறையில் அதற்குப் பிராக்கெட் என்று பெயர். நான்கு போல்ட். அது அசையாமல் நின்றால், கால் கொடுக்கும் பலம் முழுவதும் பிரேக்குக்குப் போகும். அது வளைந்தால், பலம் அதை வளைக்கவே செலவாகிவிடும். தலையணைமேல் தாளை வைத்து எழுதிப் பாருங்கள். பேனா அழுந்தும், எழுத்து வராது.

போன பருவத்தின் கடைசிப் பந்தயத்தில், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், அந்தப் பிராக்கெட் விரிந்து உடைந்தது. கார் டயர் சுவரில் போய் உட்கார்ந்தது. ஓட்டுநரின் இடது கணுக்காலில் எட்டு வாரத்துக்கு மாவுக்கட்டு.

மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தவர்களில் வெல்டரும் ஒருவர். பத்தொன்பது வருடமாக அந்த அணியின் பட்டறையில் பற்றவைக்கிறவர். ஓட்டுநர் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார்.

"அண்ணே, நான் மிதிச்சேன். நல்லாத்தான் மிதிச்சேன். மிதிச்சது எங்கயோ போயிடுச்சு."

"தெரியும் தம்பி. கழட்டிப் பாத்துட்டேன். அந்தப் பிராக்கெட்டுல எடையக் குறைக்கிறேன்னு ஏழு ஓட்டை போட்டிருக்காங்க. சல்லடை மாதிரி இருக்கு."

"அடுத்த வண்டியிலயும் அதேதானா?"

"அடுத்த வண்டியில நான் கெட்டியா ஒண்ணு பண்ணித் தரேன். இது என் பொறுப்பு."

"நிஜமாவா?"

"உன் கால் மேல சத்தியம்," என்றார் வெல்டர். பிறகு காலைப் பார்த்தார். "அந்தக் கால் மேல இல்ல, இந்தப் பக்கத்துக் கால் மேல."

ஓட்டுநர் சிரித்தார். சிரித்தால் காலில் வலித்தது.

அணியின் அதிகாரபூர்வ விபத்து அறிக்கை அதே வாரத்தில் வந்தது. விபத்துக்குக் காரணம்: ஓட்டுநர் தேவைக்கு அதிகமாக மிதித்தார். கூடவே, 'இதமாக மிதிப்பது எப்படி' என்று படத்தோடு ஒரு கையேடு அச்சடித்து அவர் கட்டிலுக்கே அனுப்பி வைத்தார்கள்.

புதிய பிராக்கெட்டைச் செய்ய வெல்டருக்கு ஒன்றரை நாள் ஆனது. ஓட்டைகள் இல்லாத தட்டையான முகம், பின்பக்கம் இரண்டு விலா எலும்பு போலத் தாங்கல், அதே நான்கு போல்ட். அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். அசையவில்லை. பழையதைவிட நூற்று எண்பது கிராம் கூடுதல். பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்ட இருபது நிமிடம் போதும். அனுமதி மட்டும்தான் பாக்கி.

அந்த அணியில் காரில் எதை மாற்றுவதென்றாலும் வளர்ச்சி உத்திக் குழுவுக்குப் படிவம் எழுத வேண்டும். படிவத்தில் நாற்பத்தொரு கட்டங்கள். முதல் கட்டம்: 'இந்த மாற்றத்தால் ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லி குறையும்?'

மில்லி என்றால் பாலோ மருந்தோ அல்ல. ஒரு நொடியை ஆயிரம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு. பந்தயத்தில் அதற்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. பத்து மில்லி வித்தியாசத்தில் இடம் பறிபோனவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு மாற்றமும் எத்தனை மில்லி தரும் என்று கேட்பது நல்ல பழக்கம்தான். அந்தக் கேள்வியைத் தவிர வேறு கேள்வியே கிடையாது என்று ஆன பிறகுதான் தொல்லை. அந்த அலுவலகத்தில் இரண்டு பேர் படிக்கட்டில் சந்தித்தால் "என்ன, எத்தனை மில்லி?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். கூடத்தில் சுவரளவு ஒரு பலகை. ஒவ்வொரு பிரிவும் புதிய காருக்காக வாக்குறுதி தந்த மில்லி அதில் பச்சை விளக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

வெல்டர் முதல் கட்டத்தில் 'பிரேக் உடையாது' என்று எழுதினார்.

மறுநாள் படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில்: 'கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவும்.'

மில்லியைக் கணக்கிட்டுச் சொல்கிற இடம் சிமுலேட்டர் அறை. முழுக் காரையும் கணினிக்குள் செய்து வைத்து, அங்கேயே ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரு இறக்கையின் முனையை அரை விரல் உயர்த்தினால் என்ன ஆகும் என்பதைக் கார் செய்யாமலேயே சொல்லிவிடும் அற்புதம் அது. அதைப் பார்த்துக்கொள்ளும் பெண் பொறியாளர் வெல்டரின் படிவத்தை இரண்டு தடவை படித்தார்.

"அண்ணே, நான் போட்டுப் பாத்துட்டேன். பூஜ்யம். உங்க பழைய பிராக்கெட்டும் ஒண்ணுதான், புதுசும் ஒண்ணுதான்."

"எப்படிம்மா? பழசு வளையுதே."

"இதுல வளையாது. இதுல பிரேக்குங்கறது ஒரு எண். பூஜ்யத்துலேர்ந்து நூறு வரைக்கும். நூறுன்னா நூறு, அவ்வளவுதான்."

"யாரு மிதிக்கிறா அதை?"

"யாரும் மிதிக்கல."

"அப்ப ஓட்டுறவரோட கால்?"

"கால் இல்லண்ணே. இடுப்புக்குக் கீழ நாங்க ஆளே செய்யல."

"ஏன்?"

"எடைக்காக."

வெல்டர் திரையைப் பார்த்தார். இடுப்போடு முடிந்துபோன ஓட்டுநர் ஒருவர் எந்தக் குறையும் இல்லாமல் வளைவுகளில் திரும்பிக்கொண்டிருந்தார்.

"ஒரு கால் வெச்சுப் பாக்கலாமே. இடது கால் மட்டும் போதும்."

"எனக்கும் ஆசைதான். ஆனா கால் வெக்கிறதும் ஒரு மாற்றம்தானே. கால் வெச்சா எத்தனை மில்லின்னு படிவத்துல எழுதணும். கால் வெக்காம அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று நியாயமாகவே கேட்டார் பொறியாளர்.

அடுத்த அறை எடைப் பிரிவு. அதன் அதிகாரியைப் பட்டறை முழுவதும் 'கிராம்' என்றுதான் கூப்பிடும். காரின் ஒவ்வொரு பாகத்தின் எடையும் அவருடைய கணக்குப் புத்தகத்தில் உண்டு. அந்தக் கூட்டுத்தொகையும் தராசு காட்டும் எடையும் ஒத்துப்போகாத காரை அவர் பந்தயத்துக்கு அனுப்பமாட்டார். அவர் பிராக்கெட்டைக் கையில் வாங்காமல், ஒரு சின்னத் தட்டில் வைக்கச் சொன்னார்.

"நூத்தி எண்பது கூடுதல்," என்றார் துக்க வீட்டுக் குரலில். "அஞ்சு மில்லி நட்டம்."

"சார், பழசு உடைஞ்சுதே. உடைஞ்சா பந்தயமே நட்டமில்லையா?"

"உடைஞ்ச பிறகு எடை போட்டேன். உடையறதுக்கு முன்னாடி என்ன இருந்ததோ அதேதான் இருந்தது. ஒரு கிராம்கூடக் கூடல." கிராம் குனிந்து படிவத்தில் எழுதினார்: 'மைனஸ் ஐந்து.' "சிமுலேட்டர்ல பூஜ்யம், எங்கிட்ட மைனஸ் அஞ்சு. உங்க சாமான் இப்ப காரை மெதுவாக்குற சாமான். இதை யாரு ஒத்துக்குவாங்க?"

அன்று மாலை வீட்டில் வெல்டர் நடந்ததையெல்லாம் சொன்னார். அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். பணி முடிந்து வந்து, காலணியைக் கழற்றிவிட்டுக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க டிப்போல ஒரு நோட்டுதாங்க," என்றார் அவர். "காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மிதி மிதிச்சுப் பாப்பேன். பிரேக் சரியா, இல்லையா. இல்லன்னு எழுதினா அந்த வண்டி நகராது. மேனேஜரோட மாமனாரே ஏறி உக்காந்திருந்தாலும் நகராது."

"எங்க படிவத்துல நாப்பத்தோரு கட்டம் இருக்கு. பிரேக்குன்னு ஒரு கட்டம் இல்ல."

"நாப்பத்தொண்ணுல என்னதான் கேக்குறாங்க?"

"முப்பத்தெட்டாவது கட்டத்துல, 'இந்த மாற்றம் அணியின் தத்துவத்தை எவ்வாறு பிரதிபலிக்கிறது'ன்னு இருக்கு."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"கெட்டியா இருக்குன்னு எழுதினேன்."

மனைவி மறு கணுக்காலைப் பிடித்துவிடத் தொடங்கினார். "எங்க பஸ் மணிக்கு முப்பது கிலோமீட்டர்," என்றார் பிறகு. "உங்க வண்டி முந்நூறு. இதுல எந்த வண்டிக்குங்க நோட்டு வேணும்?"

உத்திக் குழுவின் முன்னால் நேரில் போய் நிற்க வெல்டருக்கு அழைப்பு வந்தது. நீள மேசை, பதினாறு நாற்காலி, எல்லாருக்கும் தண்ணீர்ப் புட்டி. தலைமாட்டில் உத்தி இயக்குநர். அவர் பேசும்போது இரண்டு கைகளையும் காற்றில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியின் பக்கங்களைத் தடவிக்கொடுப்பார். அன்று முதலில் பருவத் தொடக்க உரை.

"நண்பர்களே! போன வருஷம் பத்து அணியில நாம பத்தாவது வந்தோம். பல பேர் அதைத் தோல்வின்னு சொல்றாங்க. நான் அதைத் தகவல்னு சொல்றேன். யோசிச்சுப் பாருங்க. மத்த ஒன்பது காரோட பின்பக்கத்தையும் இவ்வளவு நேரம் பாத்த அணி உலகத்துலயே வேற கிடையாது. முதல்ல வந்தவனுக்கு என்ன தெரியும்? வெறும் ரோடு தெரியும்."

கைதட்டல்.

"போன வருஷம் நம்ம காரோட தத்துவம் அடக்கம். அதுக்கு முந்தின வருஷம் சமநிலை. இந்த வருஷம் துணிச்சல். ஒவ்வொரு வருஷமும் தத்துவத்தை முழுசா மாத்தியிருக்கோம். முடிவு மட்டும் மாறவே இல்ல. இதைத்தான் நான் நிலைத்தன்மைன்னு சொல்றேன்."

மறுபடி கைதட்டல். அடுத்து மில்லி வாசிப்பு. வாக்குறுதி எதுவும் தராத பிரிவின் தலைவர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. ஆகவே யாரும் எழுந்து நிற்பதில்லை. இறக்கைப் பிரிவு தொள்ளாயிரம் மில்லி. எஞ்சின் பிரிவு எண்ணூறு. சமையல்கூடம் எண்ணெயைக் குறைத்து ஓட்டுநரை மெலியவைப்பதாகப் பதினோரு மில்லி. துப்புரவுப் பிரிவு தூசி துடைத்து ஏழு. வாசல் காவலர்கள் கதவைச் சீக்கிரம் திறப்பதாக மூன்று மில்லி. மற்றப் பிரிவுகளுடையதும் சேர்ந்து எல்லாம் பலகையில் ஏறின. கூட்டுத்தொகை மூவாயிரத்து நூற்று நாற்பது. அதாவது ஒரு சுற்றுக்கு மூன்று நொடிக்கும் மேல். போன வருடம் முதலாவது வந்த அணி இவர்களைவிட இரண்டு நொடிதான் வேகம். ஆக, வாசலைத் தாண்டாத அந்தக் கார் அன்று பிற்பகலிலேயே உலகத்தின் மிக வேகமான கார் ஆகிவிட்டது.

"அடுத்தது," என்று இயக்குநர் தாளைப் புரட்டினார். "பட்டறையிலேர்ந்து... மைனஸ் அஞ்சு?"

பதினாறு தலைகளும் திரும்பின. சபையில் கெட்ட வார்த்தை பேசியவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

வெல்டர் எழுந்தார். "சார், போன தடவை பிரேக் பிராக்கெட் விரிஞ்சுது. அந்தத் தம்பிக்குக் கால் போச்சு. நான் புதுசு பண்ணி வெச்சிருக்கேன். மாட்ட இருபது நிமிஷம்."

"பிரேக்." இயக்குநர் அந்தச் சொல்லை வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்தார். "பிரேக் வேகத்தைக் கூட்டுமா, குறைக்குமா?"

"குறைக்கும் சார். அதுக்குத்தானே பிரேக்."

"இது வேகத்தைக் கூட்டுற குழு. நீங்க வேற அறைக்குப் போயிருக்கணும்."

"வேகத்தைக் குறைக்கிற குழு எங்க சார் இருக்கு?"

"அப்படி ஒரு குழு தனியா வெக்க வேண்டிய அவசியம் இந்த அணிக்கு வந்ததே இல்ல," என்றார் இயக்குநர் பெருமையோடு.

குறிப்பெழுதுபவர் அதை எழுதிக்கொண்டார்.

அந்தக் கூட்டம் இரண்டு தீர்மானங்களோடு முடிந்தது. ஒன்று: காரின் முன்னிலை எதிர்பார்த்ததைவிட அதிகமாகிவிட்டதால், இனி அதில் கை வைப்பது ஆபத்து, எந்த மாற்றமும் கிடையாது, வளர்ச்சி நிறுத்தப்படுகிறது. இரண்டு: இவ்வளவு முன்னால் போனால் மற்ற அணிகள் மனம் நோகும் என்பதால், முன்னிலையை நாகரிகமாகக் கையாள ஒரு துணைக்குழு. அந்தத் துணைக்குழு மூன்று வாரம் தினமும் கூடியது. கடைசிச் சுற்றில் எவ்வளவு மெதுவாகப் போனால் பெருந்தன்மை, எவ்வளவு மெதுவாகப் போனால் ஆணவம் என்று வரைபடம் போட்டார்கள். இரண்டாவதாக வரப்போகும் அணிக்கு ஆறுதல் கடிதம் ஒன்று தயாரானது. மிகவும் உருக்கமான கடிதம்; தட்டச்சு செய்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

ஓட்டுநருக்குக் கட்டுப் பிரித்தார்கள். அவர் பட்டறைக்கு நொண்டிக்கொண்டே வந்து, புதிய காருக்குள் எட்டிப் பார்த்தார். ஏழு ஓட்டைப் பிராக்கெட் அங்கே பளபளவென்று இருந்தது.

"அண்ணே..." என்றார்.

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன் தம்பி. சோதனை ஓட்டத்துக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கு."

"அந்தக் கையேட்டுல, 'பூனைக்குட்டியை மிதிப்பது போல மிதிக்கவும்'னு போட்டிருக்கண்ணே. பூனைக்குட்டிய யாருண்ணே மிதிப்பா?"



நான்காம் நாள் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண் ஒட்டுப் படங்களோடு பட்டறைக்கு வந்தார். காரை ஒரு சுற்று சுற்றினார். குனிந்து உள்ளே பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா?" என்றார் வெல்டர்.

"கால்வலித் தைலக் கம்பெனிக்காரங்கண்ணே. மிதிக்குப் பக்கத்துல ஒரு குட்டிக் கேமரா வெக்கிறாங்கல்ல, ஓட்டுறவரோட காலை டி.வி.ல காட்ட? அதுல அவங்க பேர் தெரியணும்னு ஒப்பந்தம். கையெழுத்தும் ஆயிடுச்சு. இங்க பாத்தா எல்லாம் ஓட்டையா இருக்கு. சல்லடையில எப்படிண்ணே ஸ்டிக்கர் ஒட்டுறது?"

வெல்டர் அலமாரியைத் திறந்தார். துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார்.

"ஐயோ, தட்டையா இருக்கே!" என்று அந்தப் பெண் எழுந்து நின்றார். "இதுல அழகா ஒட்டலாமே. இதை மாட்ட முடியுமா?"

"இருபது நிமிஷம். ஆனா மாற்றம் கூடாதுன்னு உத்தரவு."

"அது காருக்குண்ணே. ஸ்டிக்கர் காரோட பாகமில்ல, ஒப்பந்தத்தோட பாகம். ஸ்டிக்கரைத் தாங்குற தகடும் அப்படித்தான். எடைப் புத்தகத்துலகூட ஸ்டிக்கருக்குக் கணக்குக் கிடையாது." அவர் தொலைபேசியை எடுத்தார். யாரிடமோ பேசினார். "சரின்னுட்டாங்க."

வெல்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் வந்து பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. இரண்டு மாதமும் நாற்பத்தொரு கட்டமும் ஞாபகத்துக்கு வந்தன. ஸ்பானரை எடுத்தார்.

உத்திக் குழுவின் மாற்றப் பதிவேட்டில் அந்த மாதம் ஒரே ஒரு வரி ஏறியது: 'தைல ஸ்டிக்கர், ஒன்று. தாங்கு தகட்டுடன்.'

சோதனை ஓட்டத்தன்று ஓட்டுநர் முதல் சுற்றைத் தடவிக்கொண்டேதான் ஓட்டினார். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் அழுத்தி மிதித்துப் பார்த்தார். மிதி பாறைபோல நின்றது. மூன்றாவது சுற்றில் முழுதாக மிதித்தார். இங்கே நடந்ததைப் புரிந்துகொள்வது எளிது. மிதியை நம்பாத ஓட்டுநர் வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்குவார். நம்புகிறவர் எட்டு மீட்டர் பொறுத்து மிதிப்பார். அந்த எட்டு மீட்டரை முழு வேகத்தில் ஓடிக் கடக்கிறார். ஒரு வளைவுக்கு முப்பது மில்லி என்றாலும், பதினாலு வளைவுக்கு எவ்வளவு ஆயிற்று? வேகத்தைக் குறைக்கும் கருவி நன்றாக இருந்தால்தான் வேகமாகப் போகமுடியும். எத்தனை தடவை யோசித்தாலும் இனிக்கிற விஷயம் இது.

இறக்கைப் பிரிவின் தொள்ளாயிரத்தில் ஒன்றுகூட வரவில்லை. எஞ்சினின் எண்ணூறும் வரவில்லை. காவலர்கள் கதவைச் சீக்கிரம்தான் திறந்தார்கள். கார் போன வருடத்தைவிட நானூற்றுப் பன்னிரண்டு மில்லி வேகமாக ஓடியது.

ஓட்டுநர் இறங்கி வந்து வெல்டரைக் கட்டிக்கொண்டார். "அண்ணே, நின்னுச்சுண்ணே! மிதிச்சா நிக்குது!"

மறுநாள் உத்திக் குழு அவசரமாகக் கூடியது. வெல்டரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனார்.

"நானூத்திப் பன்னண்டு மில்லி எங்கேர்ந்து வந்தது?" என்றார் இயக்குநர். "உணர்ச்சிவசப்படாம அறிவியல்பூர்வமா பாப்போம். வளர்ச்சிய நிறுத்தின பிறகு காருல நடந்த மாற்றம் என்ன? பதிவேட்டுல ஒரே ஒரு வரிதான் இருக்கு. ஸ்டிக்கர்."

வெல்டர் எழுந்தார். "சார், அது ஸ்டிக்கர் இல்ல, அதுக்கு அடியில..."

"அடியில இருக்கறதைப் பத்தித்தான் நானும் சொல்ல வரேன். உக்காருங்க. இந்த ஸ்டிக்கர் எங்க ஒட்டியிருக்கு? உள்ள, இருட்டுல, காத்தே படாத இடத்துல. அங்க இருந்தே நானூத்திப் பன்னண்டு தருதுன்னா, காத்து நேரா அடிக்கிற மூக்குல ஒட்டினா எவ்வளவு தரும்? ஆயிரமா? ரெண்டாயிரமா? இதை முன்கூட்டியே கண்டுபிடிச்சது இந்தக் குழுவோட துணிச்சல். தகடு இல்லாம மூக்குலயே நேரா ஒட்டிடலாம்; தகடு வெறும் எடை, கழட்டிடுங்க. பழைய பிராக்கெட்டை மாட்டுங்க."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வெல்டர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, கையில் எழுத்துபூர்வமாக வாங்கிக்கொண்டு, பட்டறைக்கு வந்தார். வெகு நேரம் காரின் பக்கத்தில் நின்றார். அவர் கோபப்பட்டால் காது சிவக்கும். அன்று இரண்டு காதும் சிவந்திருந்தன.

பிறகு கையை உள்ளே விட்டு, ஸ்டிக்கரை மட்டும் உரித்தார். கொண்டுபோய் மூக்கில் ஒட்டினார். படிவத்தில் 'உத்தரவுப்படி செய்தாயிற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்தொன்பது வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய் அது. பிராக்கெட் இருந்த இடத்திலேயே இருந்தது. காகிதத்தில் மட்டும் அது இல்லை.

முதல் பந்தயத்துக்குப் புறப்படும் முன் கிராம் காரைத் தராசில் ஏற்றினார். புத்தகக் கணக்கைவிட நூற்று எண்பது கிராம் கூடுதலாகக் காட்டியது. மூன்று தடவை ஏற்றி இறக்கினார். பிறகு தராசு பழுது பார்ப்பவரை வரவழைத்தார்.

"தராசு சரியாத்தான் சார் இருக்கு," என்றார் பழுது பார்ப்பவர், எடைக்கற்களை வைத்துக் காட்டி.

"கணக்கு நான் போட்டது. தப்பா இருக்காது. தராசுதான் தப்பு. நூத்தி எண்பதைக் குறைச்சு வெச்சுட்டுப் போங்க."

அவர் திருகாணியைத் திருகி நூற்று எண்பதைக் குறைத்து வைத்துவிட்டுப் போனார்.

அந்த வருடம் அணி பத்தில் ஏழாவதாக வந்தது. மூக்கு ஸ்டிக்கரின் வெற்றி என்று இயக்குநருக்குப் பாராட்டு விழா நடந்தது. ஓட்டுநரின் கால் முழுதாக இருந்தது. அதைப் பற்றி விழாவில் யாரும் பேசவில்லை.

அடுத்த பருவத்துக்குப் புதிய கார். புதிய தத்துவம்: நிதானம். புதிய வரைபடம் பட்டறைக்கு வந்தபோது வெல்டர் முதலில் மிதியிருக்கும் இடத்தைத்தான் பார்த்தார். ஏழு ஓட்டைப் பிராக்கெட். ஏன் இருக்காது? கெட்டியான பிராக்கெட் என்று ஒன்று இருந்ததாக எந்தக் காகிதத்திலும் இல்லையே. உத்தரவுப்படி கழற்றியாயிற்று என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். வரைபடத்தை மேசைமேல் அடித்தார். பிறகு அதை நீவிவிட்டு மடித்து வைத்தார்.

இந்த முறை படிவம் வாங்கவில்லை. நேராக மாடி ஏறி விளம்பரப் பிரிவுக்குப் போனார்.

"அம்மா, இந்த வருஷம் காலுக்கு ஏதாவது கம்பெனி வந்திருக்கா?"

அந்தப் பெண் பட்டியலைப் பார்த்தார். "காலுக்கு ஒண்ணுமில்லையேண்ணே. தைலக்காரங்க மூக்குக்குப் போயிட்டாங்க. தலைக்கு எண்ணெய் ஒண்ணு இருக்கு. வேணுமா?"

வெல்டர் தன் தலையைத் தடவிக்கொண்டே இறங்கினார்.

ஓட்டுநர் புதிய காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் அந்தப் பழைய கையேட்டைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார்.

புறப்பாட்டுக்கு முந்தின நாள் கிராம் புதிய காரைத் தராசில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் அவர் அறையிலிருந்து ஒரு அலறல்.

"வெல்டர்! ஓடி வாங்க! நூத்தி எண்பது கிராம் குறையுது!"

வெல்டர் போய்ப் பார்த்தார். கணக்குப் புத்தகத்தில் ஒரு எடை இருந்தது. தராசில் அதைவிடச் சரியாக நூற்று எண்பது கிராம் குறைவு. திருகி வைத்த தராசு திருகி வைத்தபடியே இருந்தது. வெல்டருக்குப் புரிந்துவிட்டது. போன வருடம் தராசு விழுங்கியது அவருடைய பிராக்கெட்டின் நூற்று எண்பதைத்தான்.

"தராசைச் சரி பாக்கச் சொல்லலாமே சார்," என்றார், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"தராசு தப்பா இருக்காது. போன வருஷம்தான் நானே பக்கத்துல நின்னு சரி பண்ண வெச்சேன். காருலதான் ஏதோ விட்டுப் போயிருக்கு. நூத்தி எண்பது கிராம் சாமான். என்னன்னு தெரியல. நாளைக்குக் காலையில வண்டி கிளம்பணும்! ஏதாவது போடுங்களேன்!"

"மாற்றம்னா படிவம் எழுதணுமே சார்."

"இது மாற்றம் இல்லய்யா, கணக்கு! நூத்தி எண்பது கிராம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எங்க வேணாலும் மாட்டுங்க, எனக்கு நேர் ஆனாப் போதும்!"

போன வருடக் கார் கூடத்தின் மூலையில், கண்காட்சிக்காக, கயிறு கட்டி நிறுத்தப்பட்டிருந்தது. வெல்டர் கயிற்றைத் தாண்டிப் போய், கையை உள்ளே விட்டு, நான்கு போல்ட்டைக் கழற்றினார். புதிய தத்துவத்திலும் அந்த நான்கு துளைகள் அதே இடத்தில்தான் இருந்தன. இருபது நிமிடம்.

தராசும் புத்தகமும் ஒன்றாயின. கிராம் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். வெல்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரி எடையில அக்கறை உள்ளவங்க இந்தப் பட்டறையில ரொம்பக் கம்மி," என்றார்.

வெல்டர் வீட்டுக்குப் போனபோது மனைவியும் அப்போதுதான் டிப்போவிலிருந்து வந்திருந்தார்.

"என்னங்க ஆச்சு? அந்தத் தம்பி வண்டியில மாட்டிட்டீங்களா, இல்லையா?"

"மாட்டிட்டேன்."

"அப்பாடா! அப்ப பிரேக்குக்காக ஒத்துக்கிட்டாங்களா?"

வெல்டர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, முதல் நாளிலிருந்து நினைத்துப் பார்த்தார். மேலிடத்தில் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று விரல்விட்டு எண்ணினார்.

"பிரேக்குன்னு ஒருத்தர் சொன்னார்," என்றார். "அது வேற அறைன்னு."